டிக்கன்ஸ் காலமும் கற்பிட்டிக் காசிச்செட்டியும்

ஒரு நல்ல நாவலைப் படித்து முடித்தவர், அதனை எழுதியவர் யார், எங்கே பிறந்தார், எவ்வாறு வாழ்ந்தார் என்று அறிய விரும்புவது இயல்பு. இவ்விருப்பம் வெறும் ஆவலாய் முடிவதும் உண்டு. நூலின் உட்பொருளைக் காட்டும் விளக்காய் அமைவதும் உண்டு. எழுத்தாளனுடைய வாழ்க்கையை அவன் காலத்தோடு சேர்த்துப் படிக்கும்போதே அது விளக்காகின்றது. காலத்தை விட்டு வாழ்க்கையை மட்டும் படித்தால் எஞ்சுவது ஊர்க்கதையே.

இதனை நன்கு எடுத்துக்காட்ட வல்லது ஆங்கில நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸின் வரலாறு. அவர் வாழ்ந்த அதே காலத்தில், நமது தீவின் வடமேற்குக் கரையிலே, கற்பிட்டியிற் பிறந்த தமிழர் ஒருவர் தமிழ்ப் புலவர்களுக்கு வாழ்க்கை வரலாறு எழுத முயன்றார். அவரே சைமன் காசிச்செட்டி. இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு சமுதாயம் தன் எழுத்தாளர்களை எவ்வாறு நினைவிற் கொள்கிறது, எவ்வாறு மறந்துபோகிறது என்பது தெளிவாகும்.

டிக்கன்ஸ் 1812 ஆம் ஆண்டு பெப்ரவரி 7 ஆம் திகதி இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரிற் பிறந்தார். தந்தையார் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் எழுதுவினைஞர். வரவுக்கு மிஞ்சிச் செலவு செய்யும் இயல்பினர். 1824 பெப்ரவரியிலே, நாற்பது பவுண் அளவான கடனைத் தீர்க்க இயலாமற்போனமையால், அவர் இலண்டனிலுள்ள மார்ஷல்சி சிறையில் அடைக்கப்பட்டார். கடன்பட்டவரைச் சிறையிலிடுவது அக்காலத்து ஆங்கிலச் சட்டம். பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய சார்ள்ஸ், தேம்ஸ் நதிக்கரையில் இருந்த ஒரு பழைய பண்டகசாலையிலே, சப்பாத்துக்குப் பூசும் கறுப்பு மை நிறைந்த சாடிகளுக்குத் தாள் ஒட்டும் வேலைக்கு அனுப்பப்பட்டார். கூலி வாரத்துக்கு ஆறு ஷில்லிங்.

சில மாதங்களில் தந்தை விடுதலையானார். சிறிது காலத்தில் மகனும் பள்ளிக்குத் திரும்பினார். ஆனால் அந்த மைப் பண்டகசாலை டிக்கன்ஸின் மனத்தை விட்டு நீங்கவில்லை. உலகப் புகழ் பெற்ற பின்னரும் அவர் அதனை வெளியிற் சொல்ல நாணினார். நெருங்கிய நண்பர் ஜோன் போஸ்ரருக்கு மட்டுமே அந்நாட்களின் துயரத்தை எழுதிக் கொடுத்தார். 1849, 1850 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ‘டேவிட் கொப்பர்பீல்ட்’ என்னும் நாவலில், சிறுவன் ஒருவன் இலண்டனிலே தனித்து நின்று கூலிவேலை செய்யும் பகுதியைப் படித்துக் கண்ணீர் விட்ட ஆயிரக்கணக்கானோர், அஃது ஆசிரியரின் சொந்தக் கதை என்பதை அறியார். 1870 ஜூன் 9 ஆம் திகதி டிக்கன்ஸ் மறைந்த பின்னர், போஸ்ரர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் முதற்றொகுதி வந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது.

அவ்வுண்மை தெரிந்த பின் அவருடைய நாவல்கள் வேறொரு பொருள் கொண்டன. மார்ஷல்சி சிறையையே களமாகக் கொண்ட ‘லிற்றில் டொரிற்’ என்ற நாவலை ஒரு கற்பனையாக மட்டும் படித்தவர்கள், அதனுள்ளே ஒரு மகன் தன் தந்தையின் மானக்கேட்டை எண்ணி வருந்துவதைக் கண்டார்கள். இங்கே இன்னொன்றும் நோக்கத்தக்கது. கடனுக்காகச் சிறையிடும் சட்டம், ஆலைகளில் வேலை செய்த குழந்தைகள், மாதந்தோறும் ஒரு ஷில்லிங் விலைக்குப் பகுதி பகுதியாக நாவலை விற்கும் புதிய வியாபார முறை ஆகிய இவையெல்லாம் ஒருவருடைய சொந்த வாழ்க்கையல்ல. ஒரு நாட்டின் காலநிலை. ஒரு மகனின் துயரம் அக்காலத்தோடு கலந்தபோதே பல இலட்சம் மக்களின் துயரமாயிற்று. அச்சட்டத்தின் கொடுமை பெரும்பாலும் நீங்கியது 1869 இலேதான். அதாவது டிக்கன்ஸ் இறப்பதற்கு ஓராண்டு முன்னர்.

இனி, இவ்வளவும் நமக்கு எவ்வாறு தெரியவந்தன என்று கேட்போமாக. நண்பரின் நூல் ஒரு சான்று. ஆனால் நண்பர் சொல்வது முழுவதும் மெய்யாயிருக்க வேண்டும் என்ற நியதியில்லை. அதனைச் சரிபார்ப்பதற்கு மார்ஷல்சியின் பதிவேடு இருக்கிறது. தந்தையின் பெயர் அதிலே பதிந்திருக்கிறது. கோவிற் பதிவேடுகள், கடற்படை அலுவலகக் கணக்குகள், நாளிதழ்கள் யாவும் இருக்கின்றன. டிக்கன்ஸ் தாமே தம் வரலாற்றுக்குரிய சான்றுகளை அழிக்க முயன்றவர். 1860 செப்ரெம்பரில், கென்ற் மாவட்டத்தில் இருந்த தமது வீட்டின் வெளியிலே தீ மூட்டி, இருபதாண்டுகளாகத் தமக்கு வந்த கடிதங்களை அதிலே இட்டு எரித்தார். அவ்வாறு எரித்தும் என்ன? அவர் பிறருக்கு எழுதிய கடிதங்களைப் பெற்றவர்கள் பேணி வைத்திருந்தார்கள். 1965 முதல் 2002 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியான பதிப்பிலே பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் இடம்பெற்றன. எழுதியவரே எரித்தாலும் சமுதாயம் பேணிக்கொள்ளும் வழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது.

அவ்வழக்கம் ஒரு நாளில் உண்டானதன்று. பதினெட்டாம் நூற்றாண்டிலே சாமுவேல் ஜோன்சன் ஆங்கிலக் கவிஞர்களின் வரலாறுகளை எழுதினார். அந்த ஜோன்சனின் வரலாற்றை 1791 இல் பொஸ்வெல் எழுதினார். நாவலாசிரியை சார்லட் புரொண்டி இறந்து இரண்டே ஆண்டுகளில், 1857 இல், மற்றொரு நாவலாசிரியையாகிய கஸ்கெல் அம்மையார் அவர் வரலாற்றை வெளியிட்டார். ஒருவர் பின் ஒருவராய் இத்தொண்டைச் செய்துவந்தமையாலேயே ஆங்கில எழுத்தாளரின் வாழ்வு நமக்குக் கையிலே கிடைக்கின்றது.

நம்மிடையே நிலைமை என்ன? கம்பர் பிறந்த ஆண்டு எது? ஔவையார் ஒருவரா, பலரா? இவ்வினாக்களுக்கு ஒரு பதிவேடும் விடை தராது. இந்தக் குறையை உணர்ந்து, அதனை நீக்க முதலில் முனைந்தவர்களுள் ஒருவரே கற்பிட்டிச் சைமன் காசிச்செட்டி.

புத்தளம் மாவட்டத்தின் கரையை அறிந்தவர்களுக்குக் கற்பிட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. ஒருபுறம் இந்து சமுத்திரம், மறுபுறம் புத்தளக் கடனீரேரி. இடையே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலம். மீனும் உப்பும் தென்னையும் அதன் செல்வம். பதினேழாம் நூற்றாண்டிலே ஒல்லாந்தர் அங்கே ஒரு கோட்டை கட்டினர். 1795 இல் அஃது ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. தமிழ் பேசும் இந்துக்களும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும், சிங்கள மக்களும், ஐரோப்பியர் வழிவந்தோரும் கலந்து வாழ்ந்த துறைமுகம் அது. பல மொழிகள் காதில் விழும் இத்தகைய ஊரிலே, 1807 மார்ச்சு 21 ஆம் திகதி காசிச்செட்டி பிறந்தார். அதாவது டிக்கன்ஸுக்கு ஐந்து வயது மூத்தவர். தமிழும் ஆங்கிலமும் மட்டுமன்றிச் சிங்களம், சமஸ்கிருதம், போர்த்துக்கேயம், ஒல்லாந்தம் முதலியவற்றையும் அவர் பயின்றார்.

இளமையிலேயே புத்தளத்தில் மொழிபெயர்ப்பாளராக அரசாங்க சேவையிற் புகுந்தார். இருபத்தேழாவது வயதில், 1834 இல், இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் விவரிக்கும் ‘சிலோன் கசற்றியர்’ என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். அது கோட்டே கிறித்தவ மிஷன் அச்சகத்தில் அச்சாயிற்று. 1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையிலே தமிழரின் பிரதிநிதியாய் இருந்தார். 1845 இல் இலங்கைச் சிவில் சேவையில் இடம்பெற்ற முதலாவது இலங்கையர் என்ற பெருமையைப் பெற்றார். பின்னர் சிலாபத்தில் நீதிபதியாகவும் பணியாற்றினார். பகலில் வழக்குகளை விசாரித்தவர், ஓய்வு நேரத்திலே புலவர்களைப் பற்றி விசாரித்தார். அவ்விசாரணையின் பயனே 1859 இல் யாழ்ப்பாணத்தில் ரிப்ளி, ஸ்ரோங் என்போர் அச்சிட்ட ‘தமிழ் புளூராக்’.

புளூராக் என்பவர் கிரேக்கரும் ரோமருமான பெரியோர்களின் வரலாறுகளை எழுதிப் புகழ்பெற்ற பழைய ஆசிரியர். அவர் பெயரைத் தம் நூலுக்குச் சூட்டியதிலிருந்தே காசிச்செட்டியின் எண்ணம் புலப்படும். தென்னிந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்த ஏறக்குறைய இருநூறு புலவர்களையும் புலமைப் பெண்டிரையும் பற்றிய குறிப்புக்கள் அந்நூலில் உள்ளன. தமிழ் இலக்கியத்துக்கு உழைத்தவர்களின் நம்பத்தகுந்த வரலாறுகள் இல்லாமற்போனதை எண்ணி அவர் அதன் முகவுரையில் வருந்துகிறார்.

இப்பணி எத்துணைக் கடினமானது என்பதை இன்று உணர்வது எளிதன்று. 1859 இலே புறநானூறு அச்சில் இல்லை. அது வெளிவந்தது 1894 இல். பத்துப்பாட்டு 1889 இலும், சிலப்பதிகாரம் 1892 இலும், மணிமேகலை 1898 இலும் உ. வே. சாமிநாதையரால் முழுமையாகப் பதிப்பிக்கப்பெற்றன. சோழர் கல்வெட்டுக்களைப் படியெடுத்து வெளியிடும் பெருமுயற்சியும் அப்போது தொடங்கவில்லை. காசிச்செட்டியின் முன் இருந்தவை ஏட்டுச்சுவடிகள், தனிப்பாடல்கள், புலவர் வாயிலாகக் கேட்ட கதைகள் ஆகியவையே.

அக்கதைகள் எத்தகையன என்பதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம். நாம் டிக்கன்ஸின் வரலாற்றிலே ஒரு சிறைக் கதையைக் கண்டோம். தமிழிலும் ஒரு சிறைக் கதை உண்டு. பாண்டியன் மகள் சோழனை மணந்து சென்றபோது அவளோடு புகழேந்திப் புலவரும் சென்றார் என்பர். சோழன் அவையிலே புகழ்பெற்றிருந்த ஒட்டக்கூத்தர் பொறாமை கொண்டு அவரைச் சிறையில் அடைப்பித்தாராம். சிறைச் சாளரத்தின் அருகே தண்ணீர் எடுக்க வந்த பெண்களுக்காகப் புகழேந்தி அல்லியரசாணி மாலை முதலிய கதைப்பாடல்களைப் பாடினாராம். பின்னர் அரசி ஊடிக் கதவடைத்தபோது, சமாதானம் செய்யச் சென்ற கூத்தரின் பாட்டைக் கேட்டு அவள் மேலும் ஒரு தாழ் இட்டாளாம். ‘ஒட்டக்கூத்தன் பாட்டுக்கு இரட்டைத் தாழ்ப்பாள்’ என்ற பழமொழி அதனால் எழுந்தது.

கதை சுவையானதே. ஆனால் மார்ஷல்சிக்கு இருந்தது போன்ற பதிவேடு இதற்கு இல்லை. அப்படியானால் உண்மையைக் காண்பது எவ்வாறு? இங்கேதான் ‘காலம்’ நமக்குத் துணை வருகின்றது. ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழன், இரண்டாங் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவர்மீதும் உலாப் பாடியிருக்கிறார். அம்மன்னர்களின் ஆட்சியாண்டுகளைக் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. எனவே கூத்தர் பன்னிரண்டாம் நூற்றாண்டினர் என்பது ஐயமற விளங்கும். புகழேந்தியோ அவருக்குப் பிற்பட்டவர் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. அம்மானைப் பாட்டுக்களின் நடையும் நளவெண்பாவின் நடையும் ஒருவருடையன அல்ல என்பதும் படிப்போர்க்குப் புலப்படும். ஒரே காலத்தில் வாழாத இருவரை ஒரே அவையில் நிறுத்தி மோதவிட்டது மக்களின் கற்பனை.

அப்படியானால் அக்கதைகளைப் புறக்கணித்துவிடலாமா? கூடாது. புலவர்க்குள் இருந்த போட்டியையும், அரசர் தயவை நம்பி வாழ்ந்த கல்வியின் அவல நிலையையும், நாட்டுப்பாடல் பாடியவனையும் பெரும்புலவனாக மதிக்க விரும்பிய மக்கள் மனத்தையும் அவை காட்டுகின்றன. வரலாறாக நம்பத்தகாதது, வரலாற்றுக்குச் சான்றாகப் பயன்படலாம். காசிச்செட்டியின் நூலையும் நாம் இவ்வாறே படித்தல் வேண்டும். அதிலே பிழைகள் உண்டு. காலக் கணக்குகள் பல இன்று நில்லா. ஆயினும் தம் காலத்தில் எவை சொல்லப்பட்டன, எந்நூல்கள் அறியப்பட்டிருந்தன என்பவற்றை அவர் எழுதி வைத்திராவிட்டால், திருத்துவதற்குக் கூட நமக்கு ஒன்றும் இருந்திராது.

டிக்கன்ஸின் உலகத்துக்கும் காசிச்செட்டியின் உலகத்துக்கும் இடையே ஒரு பாலமும் இருந்தது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்தவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற். காசிச்செட்டி சிவில் சேவையிற் புகுந்த அதே ஆண்டில் இவரும் இலங்கைக்கு வந்தார். தாயகம் திரும்பிய பின் இலங்கையைப் பற்றி இரண்டு தொகுதிகளில் ஒரு பெருநூலை எழுதி வெளியிட்டார். அதன் ஆண்டும் 1859 தான். அந்நூலிலே காசிச்செட்டியின் ஆராய்ச்சியை எடுத்துக் காட்டியுள்ளார். இந்த ரெனன்ற் டிக்கன்ஸின் நண்பர். டிக்கன்ஸ் முழுமையாக எழுதி முடித்த கடைசி நாவலாகிய ‘அவர் மியூச்சுவல் பிரண்ட்’ என்பதை, 1865 இல், நட்பின் நினைவாக அவருக்கே உரிமையாக்கினார். இலண்டனில் அந்நாவலின் முதல் ஏட்டைப் புரட்டியவர்கள் கண்ட பெயர், கற்பிட்டி அறிஞரின் எழுத்தைப் படித்துப் பயன்கொண்டவரின் பெயராகும்.

ஆயினும் இருவர் நிலையிலும் உள்ள வேறுபாட்டை மறைத்தல் ஆகாது. டிக்கன்ஸ் தம் மக்களுக்குத் தம் மக்களின் மொழியில் எழுதினார். காசிச்செட்டியோ தமிழ்ப் புலவரின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். ஆட்சியாளரும் ஐரோப்பிய அறிஞரும் தமிழின் பெருமையை அறிய வேண்டும் என்பது அவர் கருத்தாயிருத்தல் கூடும். எனினும் ஆங்கிலம் அறியாத தமிழாசிரியருக்கும் மாணவருக்கும் அந்நூல் எட்டாக் கனியாயிற்று. அக்குறையை யாழ்ப்பாணத்து அ. சதாசிவம்பிள்ளை நீக்கினார், 1886 இல் அவர் வெளியிட்ட ‘பாவலர் சரித்திர தீபகம்’ தமிழிலேயே அமைந்தது. 1939 இல் சி. கணேசையர் ‘ஈழநாட்டுத் தமிழ்ப் புலவர் சரித்திர’த்தைத் தந்தார்.

இவற்றுக்கெல்லாம் சிகரமாக நிற்பது சாமிநாதையர் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையின் வரலாற்றை 1933, 1934 ஆம் ஆண்டுகளில் இரு பாகமாக எழுதியது. மீனாட்சிசுந்தரம்பிள்ளை 1815 இற் பிறந்து 1876 இல் மறைந்தவர். ஆகவே டிக்கன்ஸின் காலத்தவரே. டிக்கன்ஸுக்குப் போஸ்ரர் என்ற நண்பர் வாய்த்ததுபோல, இவருக்கு ஒரு மாணவர் வாய்த்தார். ஆசிரியர் பாடம் சொன்ன முறை, பட்ட வறுமை, பெற்ற சிறப்பு யாவற்றையும் அருகிருந்து கண்டவர் எழுதியதனால், அக்காலத்துத் தமிழ்க் கல்வியுலகமே அந்நூலில் உயிரோடு நடமாடுகின்றது. அத்தகைய மாணவர் வாய்க்காத புலவர் எத்தனை பேர்! அவர்களுக்கு எஞ்சியவை ‘தமிழ் புளூராக்’ போன்ற நூல்களின் சில வரிகளே.

காசிச்செட்டி 1860 நவம்பர் 5 ஆம் திகதி மறைந்தார். டிக்கன்ஸ் தம் கடிதங்களுக்குத் தீ வைத்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. தமிழரின் சாதிகள், வழக்கங்கள், இலக்கியம் ஆகியவற்றைப் பற்றி அவர் எழுதியவை நூலுருவில் வெளிவந்தது 1934 இல். ‘தமிழ் புளூராக்’ தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புக்களோடு மறுபடி அச்சேறியது 1946 இல். முதற் பதிப்புக்கும் இதற்கும் இடையே எண்பத்தேழு ஆண்டுகள். இருநூறு பேரின் வாழ்வைத் தேடி எழுதியவரின் சொந்த வாழ்வைப் பற்றி நம்மிடையே பெரிதும் வழங்குபவை அவர் வகித்த பதவிகளின் பெயர்களும் ஆண்டுகளுமே.

நேயர்களே, இஃது இறந்தகாலத்துச் செய்தி மாத்திரம் அன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 90,000 க்கு மேற்பட்ட நூல்களும் கிடைத்தற்கரிய சுவடிகளும் சாம்பராயின. 1990 இல் வட மாகாணத்தினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் மிகப் பலர் இந்தப் புத்தளம், கற்பிட்டிக் கரையிலேதான் வந்து தங்கினர்; உடுத்த உடையோடு வந்தவர்கள் குடும்பப் பத்திரங்களையும் பழைய கடிதங்களையும் எவ்வாறு சுமந்து வந்திருத்தல் கூடும்? சிலாபம் முதல் நீர்கொழும்பு வரையுள்ள கரையிலே, முன்னர் தமிழ் வழங்கிய வீடுகள் பலவற்றில் இருபதாம் நூற்றாண்டிற் சிங்களம் வீட்டுமொழியாயிற்று. பாட்டனார் தமிழில் எழுதிய நாட்குறிப்பைப் பேரப்பிள்ளை படிக்க இயலாதபோது, அது பெட்டியின் அடியிற் கிடந்து செல்லரிக்கின்றது. தீ ஒரு நாளில் அழிப்பதைக் கவனக்குறைவு ஐம்பது ஆண்டுகளில் அழிக்கின்றது; அவ்வளவே வேறுபாடு.

டிக்கன்ஸின் வரலாற்றைப் படித்து வியக்கும் நாம், அவ்வியப்புக்குக் காரணமானவர்களை மறத்தல் ஆகாது. அவர்களுட் பெரும்பாலோர் பெரிய அறிஞர்கள் அல்லர். தமக்கு வந்த ஒரு கடிதத்தைக் கிழித்தெறியாமல் வைத்திருந்த சாதாரண மக்கள். நம்மூர்க் கூத்துக்குப் பாட்டெழுதிய அண்ணாவியார், கோவிலுக்கு ஊஞ்சற்பாட்டுப் பாடிய வாத்தியார், முனாஜாத்தும் கிஸ்ஸாவும் இயற்றிய புலவர் ஆகியோரின் கையெழுத்துப் பிரதிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. அவற்றின் முதல் ஏட்டிலே எழுதியவர் பெயரும் ஊரும் ஆண்டும் குறித்து வைப்பதற்குப் புலமை வேண்டுவதில்லை. அவரை நேரில் அறிந்த முதியவர் ஒருவரிடம் அவர் வாழ்ந்த விதத்தைக் கேட்டு நாலு வரி எழுதி, அந்த ஏட்டோடு சேர்த்து வைத்தால் அதுவே ஒரு வரலாற்றின் தொடக்கம். கற்பிட்டியிலிருந்து ஒருவர் இருநூறு பேருக்கு அதனைச் செய்தார். நாம் ஒவ்வொருவரும் ஒருவருக்குச் செய்தாலே போதும்.